'மதி' என்றால் மலாய் மொழியில் என்ன? மெய்நிகர் உதவியாளருக்குப் பெயர் வைக்கும் முன்...

ஏர் ஆசியா விமான நிறுவனம் 2019ஆம் ஆண்டு, வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மெய்நிகர் உதவியாளரை அறிமுகப்படுத்தியது. பெயர் 'அவா'. 'ஏர் ஆசியா வெர்ச்சுவல் ஆல்ஸ்டார்' என்பதன் முதல் எழுத்துகள் அவை. கோவிட் காலத்தில் விமானங்கள் தரையில் நிற்க, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் பயணிகள் குவிந்தபோது அவர்களின் கோபத்தில் பெரும்பங்கு அந்தப் பெயரின் மேல்தான் விழுந்தது. 2023இல் அவா விடைபெற்றது. அந்த இடத்துக்கு வந்தது 'ஆஸ்க் போ'. நிறுவனத்தின் உயர் அதிகாரி போ லிங்கத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் இரண்டுமே சின்ன, இனிய பெயர்கள். தமிழர் காதில் கதை வேறு. அவா என்றால் ஆசை. அதை அறுப்பதற்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. 'போ' என்பதற்குப் பொருள் சொல்லவே வேண்டாம். உதவி கேட்டு வருபவரை வாசலிலேயே "போ" என்கிறது பெயர்!

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மொழியில் அழகாக இருக்கும் பெயர் பக்கத்து மொழியில் வேறொன்றாகிவிடும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைக்கும் நல்ல உதாரணம் இது. பெரிய நிறுவனங்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய காரியமும் அல்ல. புலனத்தில் தானாகப் பதில் சொல்லும் உதவியாளரை அமைக்க இன்று பெரிய செலவு இல்லை. ஆலயம், கூட்டுறவுக் கழகம், டியூஷன் மையம், திருமண மண்டபம், பல் மருத்துவ கிளினிக் என யாரும் அமைத்துக்கொள்ளலாம். அமைத்துத் தருபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "என்ன பெயர் வைக்கலாம்?" நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்குவார்கள். அழகான தமிழ்ப்பெயர் ஒன்றை யாராவது சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள், முடிந்தது.

அந்த அழகான தமிழ்ப்பெயரை மலாய்க்காரர் ஒருவரின் காதில் வைத்துப் பார்த்திருக்கிறோமா?

'மதி'யை எடுத்துக்கொள்வோம். அறிவு என்றும் நிலவு என்றும் பொருள். செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்றுதான் தோன்றும். ரூமி எழுத்தில் எழுதினால் மலாய் வாசகர் அதை 'மாத்தி' என்றே படிப்பார். மலாயில் அதற்கு 'இறந்துவிட்டது' என்று பொருள். மின்சாதனங்களுக்குச் சொன்னால் 'அணைந்துவிட்டது'. கைப்பேசி பேட்டரி தீர்ந்தால் நாமே அந்தச் சொல்லைத்தான் சொல்கிறோம். இறந்துபோன உதவியாளரிடம் யார் பல் பிடுங்க நேரம் கேட்பார்?

அடுத்து எல்லாருக்கும் தோன்றும் பெயர் 'துணை'. நல்ல சொல், கடிதத் தலைப்பில் தெய்வப் பெயரோடு எழுதிப் பழகிய சொல். மலாயில் 'துனாய்' என்றால் ரொக்கப் பணம். கடைகளில் கல்லாவுக்கு அருகே ஒட்டியிருப்பார்கள். கூட்டுறவுக் கழகத்துக்கு இந்தப் பெயர் ஒருவகையில் பொருந்தியும் போகலாம். ஆலய நன்கொடைக்கான எண்ணுக்கு வைத்தால் பார்ப்பவர் புருவத்தை உயர்த்துவார்.

'கயல்' வைத்தால் மலாயில் 'காயால்' என்ற சொல் நினைவுக்கு வரும். கற்பனையில் மூழ்கிக் கிடப்பது என்று பொருள். 'பாரி' வைத்தால் திருக்கை மீன். சந்தையில் 'ஈக்கான் பாரி' வாங்காதவர் நம்மில் யார்? 'நிலா'வுக்கு மலாயில் நீலச்சாயம் என்று பொருள். பிரச்சினையில்லாத சொல்தான். சிங்கப்பூரின் பழங்கதையில் வரும் சாங் நில உத்தமாவின் பெயரிலும் அது இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு நீலச்சாயம் ஒரு பானைப் பாலையும் கெடுத்துவிடும் என்று மலாய்ப் பழமொழி ஒன்றும் உண்டு. பள்ளியில் எல்லாரும் படித்த பழமொழி அது. 'மணி' என்ற பெயருக்கு மலாயில் உள்ள பொருளை இங்கே எழுத முடியாது. மணி என்று பெயர் கொண்ட நண்பர்களுக்குத் தெரியும், பள்ளியில் பட்டிருப்பார்கள்.

நம்மிடம் பேசும் உதவியாளருக்கு மலாய்க்காரர் என்ன நினைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். கிளினிக்குக்கு வருபவரில் பாதிப்பேர் மற்ற இனத்தவர். ஆலயத்துக்குக்கூட ஊராட்சி மன்றத்திலிருந்தும், பந்தல் போடுபவரிடமிருந்தும், பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் கேள்விகள் வரும். தமிழ்ப்பெயரே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. தமிழ்ப்பெயர்தான் வேண்டும். அது வெளியே போய்த் தலைகுனியக்கூடாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பெயரை ரூமி எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். மலாய் நண்பர் ஒருவரிடமும் சீன நண்பர் ஒருவரிடமும் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் உச்சரித்துக் காட்டக்கூடாது. அவர்கள் வாயில் வருவதுதான் அந்தப் பெயர். 'யாழினி', 'தேன்மொழி' போன்ற பெயர்கள் பெரும்பாலும் இங்கேயே தடுக்கிவிடும். ழகரத்துக்கு நாம் ரூமியில் இடும் இரண்டு எழுத்துகளைத் தமிழர் அல்லாதவர் வேறு எப்படியும் படிக்கலாம், ழகரமாக மட்டும் படிக்கமாட்டார். நம்மவர்களிலேயே அதை ளகரமாகச் சொல்பவர்கள் ஏராளம். வல்லின எழுத்துகளும் தொல்லைதான். 'கீதா'வை ரூமியில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். கைப்பேசியில் பெயரைத் தட்டித் தேடும் அம்மாவுக்கு அதில் எது கிடைக்கும்?

இதுவரை சொன்னது எழுத்தில் பதில் சொல்லும் உதவியாளரைப் பற்றி. குரல் கேட்டு எழும் கருவி என்றால் பெயருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. அது அழைப்பு மட்டுமல்ல, சுவிட்சும்கூட. அந்தக் கருவி எப்போதும் காதைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு ஒலிக்கோவைக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒலி விழுந்ததும் பதிவு தொடங்குகிறது. ஆகவே பெயர் மிகக் குறுகியதாக இருக்கக்கூடாது. மற்ற சொற்களிலிருந்து தனித்து ஒலிக்க வேண்டும். அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரக்கூடாது.

அமேசான் 2014இல் 'அலெக்ஸா'வை வெளியிட்டபோது இவற்றையெல்லாம் பார்த்தே பெயர் வைத்தது. பழைய அலெக்சாண்டிரியா நூலகத்தை நினைவூட்டுவது ஒரு காரணம். நடுவில் வரும் 'க்ஸ்' என்ற கடினமான ஒலியைக் கருவி எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு காரணம்.

ஆப்பிளின் 'சிரி' வேறு வழியில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேக் கிட்லாஸ் நார்வே-அமெரிக்கர். தமக்குப் பெண் குழந்தை பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயரை அதற்கு வைத்தார். 2011இல் ஐபோனோடு உலகம் முழுதும் போனது. ஜப்பானியருக்கு அந்த ஒலி பின்புறத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டியது. நமக்கோ அது நகைக்கச் சொல்லும் கட்டளை. கைப்பேசியைப் பார்த்து "ஹேய், சிரி" என்று நாம் சொல்ல, அது சிரிக்காமல் "என்ன வேண்டும்?" என்கிறது. குழந்தையைப் படம் பிடிக்கும்போது "சிரி, சிரி" என்று சொல்லிப் பாருங்கள், கைப்பேசியும் விழித்துக்கொள்ளலாம். முன்பு 'ஹேய்' என்ற முன்சொல்லாவது காவல் இருந்தது. 2023இல் சில நாடுகளின் ஆங்கில அமைப்பில் அதுவும் இல்லாமல் அழைக்கும் வசதியை ஆப்பிள் கொடுத்தது.

தவறாக விழித்துக்கொள்வது வேடிக்கையோடு நின்றுவிடுவதில்லை. பயனர் அழைக்காமலேயே சிரி எழுந்து பதிவு செய்த உரையாடல்களை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்ற செய்தி 2019இல் வெளிவந்தது. அது தொடர்பான அமெரிக்க வழக்கில் 9.5 கோடி டாலர் கொடுக்க 2025 ஜனவரியில் ஆப்பிள் உடன்பட்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பேசும் அந்தரங்கம், கிளினிக் முகப்பில் ஒரு நோயாளி தயங்கிச் சொல்லும் விவரம், இவையெல்லாம் ஒரு பெயரின் ஒலியைப் பொறுத்துப் பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். 'தம்பி', 'அக்கா', 'அம்மா' என்று குரல் கருவிக்குப் பெயர் வைக்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தக் கருவி நாள் முழுதும் விழித்தே இருக்கும்.

பெயர் யாருடையது என்பது அடுத்த கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு பிறந்த பெண் குழந்தைகளில் 6,000க்கும் மேற்பட்டோருக்கு அலெக்ஸா என்று பெயர் வைத்தார்கள். 2020இல் அது சுமார் 1,300ஆகக் குறைந்தது. காரணம் எளிது. பள்ளியில் அந்தப் பெயருள்ள சிறுமியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் "அலெக்ஸா, பாட்டுப் போடு", "அலெக்ஸா, விளக்கை அணை" என்று ஏவத் தொடங்கினார்கள். சில பெற்றோர் மகளின் பெயரையே மாற்றினார்கள். பிரிட்டனிலும் இதே புகார் எழுந்தது. பெயரை வேறாக அமைத்துக்கொள்ளும் வசதி கருவியில் உண்டு. 'எக்கோ', 'கம்ப்யூட்டர்' என்றும் அழைக்கலாம். ஆனால் பெட்டியில் வந்த பெயரைப் பெரும்பாலோர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இனி நம் பக்கம் பார்ப்போம். உதவியாளருக்கு 'பிரியா' என்றோ 'கவிதா' என்றோ வைக்கிறோம். நம் ஊரில் எத்தனை பிரியா, எத்தனை கவிதா! அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் மரியாதையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இயந்திரம் என்று தெரிந்ததும் சிலர் என்னென்னவோ எழுதுவார்கள். இதைப் பற்றி யுனெஸ்கோ 2019இல் ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. பெண் பெயரும் பெண் குரலும் கொண்ட உதவியாளர்கள் வசைக்கும் பணிவாகப் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருப்பதை அது சுட்டிக்காட்டியது. தன்னை இழிவாக அழைத்தவருக்கு அப்போது சிரி சொன்ன வெட்கம் கலந்த பதில்தான் அந்த அறிக்கையின் தலைப்பு. ஏவலுக்கு ஒரு பெண், எவ்வளவு திட்டினாலும் சிரித்த முகம் என்ற பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இயந்திரம் மூலமாகவும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

தமிழில் இந்தச் சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ஏவல்தான். தமிழில் 'சொல்லு' வேறு, 'சொல்லுங்க' வேறு. எதைச் சொல்கிறோம் என்பதைப் பெயரே தீர்மானித்துவிடுகிறது. 'பிரியா' என்றால் வாய் தானாக 'சொல்லு' என்கிறது. 'அக்கா' என்றால் 'சொல்லுங்க'. எழுத்து உதவியாளருக்கு முறைப்பெயர் வைப்பதில் ஒரு நன்மை இதுதான், எதிர்முனையில் இருப்பவரின் நாக்கு கொஞ்சம் அடங்கும். 'தம்பி' என்றால் கேட்பவருக்கு உரிமை வருகிறது, தம்பியும் பெரியவர்களிடம் பணிவாகப் பேசியே ஆகவேண்டும். உதவியாளர் நம்மை எப்படி அழைக்கும் என்பதையும் இதே கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய பதிலை அப்படியே தமிழாக்கினால் எழுபது வயதுப் பாட்டியை அது 'நீ' என்று அழைத்துவிடும் ஆபத்து உண்டு.

தெய்வப் பெயர்களைத் தொடவே வேண்டாம் என்பேன். டியூஷன் மையத்துக்கு 'சரஸ்வதி' நன்றாகத்தான் இருக்கும். மாதக் கட்டணத்தைத் தவறாகச் சொல்லும் நாளில் "சரஸ்வதி பொய் சொல்லுது" என்று ஒரு தகப்பன் எழுதுவார். ஆலயத்தின் உதவியாளருக்கு மூலவர் பெயரை வைத்தால் இன்னும் மோசம். அர்ச்சனை நேரம் தவறாக வந்தால் பக்தர் யாரைத் திட்டுவது?

மனிதப் பெயருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பெயர் இருந்தால் ஆள் இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் ஓர் உரையாடல் நிரலை வெளியிட்டார். பெர்னார்ட் ஷா நாடகத்தில் வரும் பெண்ணின் பெயரை ஒட்டி அதற்கு 'எலைசா' என்று பெயர். நாம் தட்டும் வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை, வேறொன்றும் தெரியாது. அது உருவாவதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் "கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?" என்று அவரைக் கேட்டாராம். தனியாகப் பேச வேண்டுமாம்! இதை வைசன்பாமே பிற்பாடு பதிவு செய்திருக்கிறார்.

அண்டை நாட்டில் நடந்ததும் நினைவிருக்கும். சிங்கப்பூர் அரசாங்க இணையத்தளங்களில் 'ஆஸ்க் ஜேமி' என்ற உதவியாளர் பல ஆண்டுகள் பணியில் இருந்தது. 2021 அக்டோபரில், பிள்ளைக்குக் கோவிட் உறுதியானால் என்ன செய்வது என்று கேட்டவருக்கு, சுகாதார அமைச்சின் தளத்தில் ஜேமி ஆணுறை பற்றிய அறிவுரையைச் சொன்னது. ஊரே சிரித்தது, அமைச்சு அந்த வசதியை அப்போதைக்கு அகற்றியது. கேள்வியைத் தவறான பதிலோடு பொருத்திய இயந்திரப் பிழை அது, அவ்வளவுதான். நெருக்கடியில் இருக்கும் பெற்றோருக்கு ஆறுதலான ஒரு பெயர் ஆறுதலான ஒரு பதிலை எதிர்பார்க்க வைத்துவிடுகிறது.

நம் முதியவர்களுக்கு இது இன்னும் நேரடியான கேள்வி. "நான் பிரியா, உங்கள் கூட்டுறவுக் கழகத்திலிருந்து" என்று தொடங்கும் செய்தி நிஜமானதா, மோசடியா என்று அவர்கள் எப்படிப் பிரித்தறிவார்கள்? மோசடிக்காரரும் இதே பெயரையும் இதே இனிமையையும்தான் பயன்படுத்துவார். பணம் போய்விட்டால் உடனே அழைக்க 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் இருக்கிறது. போன பிறகு அழைப்பதைவிட, உண்மையான உதவியாளர் அடையாள அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் புலனத்தில் கேட்கவே கேட்காது என்று அமைத்துவிட்டு, அதை அடிக்கடி அறிவிப்பது மேல்.

அப்படியானால் என்ன பெயர் வைக்கலாம்? நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான தம் செயலிக்கு 'செல்லினம்' என்று பெயர் வைத்தார். 2005 முதல் வழக்கில் இருக்கும் பெயர். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பள்ளியில் ஒப்பித்த எவருக்கும் அது ஒரு நொடியில் புரியும். செல்பேசி என்பதும் அதில் ஒளிந்திருக்கிறது. யாருடைய மகளின் பெயரும் அல்ல. மனிதன் என்று நடிக்கவும் இல்லை. என்ன பொருள் என்று கேட்டால் சொல்ல ஒரு நல்ல விளக்கமும் இருக்கிறது.

அந்த வழியில் பொருளின் பெயரையோ செய்யும் வேலையின் பெயரையோ தேடலாம். எனக்குத் தோன்றிய ஒன்று 'அகல்'. சின்ன விளக்கு. மலாயில் 'ஆக்கால்' என்றால் அறிவு. தந்திரம் என்ற நிழலும் அதற்கு உண்டு, பரவாயில்லை. இலக்கியத் தமிழில் 'அகல்' என்றால் 'விலகு' என்றும் பொருள் வரும் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். சரிதான், அதுவும் 'போ'வின் தம்பிதான்! ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குற்றமே இல்லாத பெயர் தேடினால் உதவியாளர் பெயரில்லாமலேயே ஓய்வு பெற்றுவிடும். 'மாயா' வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மலாயில் 'மாயா' என்றாலே மெய்நிகர் என்று பொருள், ஆகவே அங்கே நேர்மையான பெயர். தமிழில்தான் அது மாயையை நினைவூட்டும். பணம் கட்டும் இடத்துக்கு அது வேண்டாம்.

வணிகமாக நடத்துபவர்கள் பெயரை முடிவு செய்யுமுன் மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தின் வணிக முத்திரைப் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிவிட வேண்டும். தமிழ்ப்பெயர் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பதில் சொல்லும் உதவியாளரும் வேண்டாம். பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதிய பெரியவர் மூன்று முறை ஆங்கிலப் பதில் வந்ததும் கைப்பேசியை மேசையில் வைத்துவிடுவார். அடுத்த முறை அலுவலகத்துக்குப் பஸ் ஏறி நேரில் வருவார். தமிழ் இன்னும் சரியாக வரவில்லை என்றால் 'தகவல் சேவை' என்றே வைத்துக்கொள்ளலாம். அவமானம் ஒன்றும் இல்லை.

பெயர் முடிவானதும் முதல் செய்தியை எழுதுங்கள். அதைக் குழுவில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி போடாமல் கேட்க மட்டும் சொல்லிப் படித்துக் காட்டுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா. என் பெயர் அகல். நான் கணினி; ஆள் இல்லை. பூசை நேரம், மண்டப வாடகை, அலுவலக முகவரி இவற்றுக்குப் பதில் சொல்வேன். அடையாள அட்டை எண்ணையும் பணத்தையும் நான் கேட்கமாட்டேன். ஆளிடம் பேச வேண்டும் என்றால் '0' தட்டுங்கள்." அந்த '0'வைத் தட்டினால் உண்மையிலேயே யாராவது எடுக்கிறார்களா என்பதை வாரம் ஒருமுறை நீங்களே அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.